நடு நாற்காலி

பெரியப்பா வீட்டு முன்னறையில், தரையில் சாக்பீஸால் நான்கு வட்டம் போட்டு, அதன் மேல் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. நாற்காலியின் கால்கள் அந்த வட்டங்களை விட்டு நகரக்கூடாது. அதில் ஒரே ஒரு முறை உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் பதினோரு வயதில் என் லட்சியம். கலெக்டர் ஆக வேண்டும் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்ததெல்லாம் டீச்சருக்காக.

நாற்காலிக்கு எதிரே இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. தரையில் நிற்கிற வகை, என் தோள் உயரம். சுனாமிக்கு அடுத்த வருடம் மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு பெரியப்பா ஊருக்கு வந்துவிட்டார். அப்படி வருகிறவர்கள் பெரிய டிவி கொண்டுவருவார்கள், பூப்போட்ட கம்பளி கொண்டுவருவார்கள். பெரியப்பா கொண்டுவந்தது, அவருடைய வெள்ளைக்கார முதலாளி நாடு திரும்பும்போது விட்டுவிட்டுப் போன, அப்பா அம்மாவின் கல்யாணத்தைவிடப் பழைய இரண்டு பெட்டிகளை. தேக்கு நிறத்தில் பளபளவென்று இருக்கும். முன்பக்கம் கறுப்புத் துணி. துணியைக் கழற்றினால் உள்ளே சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு காகிதக் கூம்பு.

தக்கலைக்கு மேற்கே, ரப்பர் மரங்கள் சூழ்ந்த ஒரே விளைக்குள், ஒரு கிணற்றுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடும் இந்தப் பக்கம் எங்கள் வீடும் இருந்தன. கார்கோ வண்டியிலிருந்து இரண்டு நீளமான மரப்பெட்டிகளை ஆட்கள் தாங்கிப் பிடித்து இறக்கியதைக் கிணற்றடியில் நின்று பார்த்த அம்மா, "கல்ஃப்ல இருந்து இப்பிடிப் பெட்டி வந்தா நம்ம ஊர்ல கோயில்ல சாவு மணி அடிப்பாவ" என்றாள். பெரியம்மாவின் காதில் விழுகிற அளவுக்குத்தான் மெதுவாகச் சொன்னாள். அன்றிலிருந்து இருவருக்கும் கிணற்றடியில் பேச்சு குறைந்தது.

அந்த நாற்காலியின் ரகசியத்தைப் பெரியப்பா வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். பாட்டு பெட்டியிலிருந்து வராதாம். இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வருமாம். அதுவும் அந்த நாற்காலியில் இருக்கிற ஆளுக்கு மட்டும். பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தால் கிடைக்காது. இப்படிச் சொல்லிவிட்டு வந்தவரை அதில் உட்கார வைப்பார். பங்குச்சாமியார் உட்கார்ந்தார். பள்ளித் தலைமையாசிரியர் உட்கார்ந்தார். மீட்டர் எழுத வந்த மின்வாரியக்காரர்கூட, கையில் டார்ச்சோடு ஒரு முழுப் பாட்டுக்கும் உட்கார்ந்து, பில் எழுத மறந்துவிட்டுப் போனார். நான் உட்காரவில்லை.

பெரியப்பாவின் மகளுக்கு என்னைவிட ஒரு வயது கூடுதல். அந்த ஒரு வயதுக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த நாற்காலியில் ஒரு பாட்டு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, பெரிய வித்துவான் மாதிரித் தலையை ஆட்டுவாள். எனக்கு அவள் தொடையில் நறுக்கென்று கிள்ள வேண்டும் போலிருக்கும். நானும் உட்காரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "ஏட்டி, இது சின்னப் பிள்ளையளுக்கு உள்ளதில்ல" என்று சொல்லி, இடது பெட்டிக்குப் பக்கத்தில் பாயைக் காட்டினாள். அங்கே உட்கார்ந்தால் வயலின் மட்டும்தான் பெரிதாகக் கேட்கும். அவர்கள் வீட்டுப் பாட்டில் என் பங்கு அந்த வயலின்தான்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பழைய டேப் ரெக்கார்டர். அதன் மூடியை ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தியிருந்தோம். அம்மா நேரடியாக அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மீன் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ரசனை வந்தது எப்படி என்று சுவரைப் பார்த்து ஆச்சரியப்படுவாள். அப்பா எழுந்து, ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைக்குப் போய்விடுவார். அவருக்கு அங்கே எப்போதும் ஏதாவது வேலை இருந்தது.

கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முன்பு அப்பா களியக்காவிளைக்குப் போய் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி வந்தார். ஐந்து சின்னப் பெட்டியும் முக்காலி உயரத்தில் ஒரு பெரிய பெட்டியும். பாட்டுக்கு ஏற்ற மாதிரி நீல விளக்கு அணைந்து எரியும். அறையின் நான்கு மூலையிலும் பெட்டிகளை வைக்க வேண்டும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. வயர் எட்டவில்லை. எனவே ஐந்தையும் ஷோகேஸில் வரிசையாக, கண்ணாடித் தம்ளர்களுக்கு முன்னால் நிறுத்தி வைத்தோம். முதல் பாட்டுக்கே தம்ளர்கள் ஆடின. அவர்களுக்கு இரண்டு, எங்களுக்கு ஆறு என்று நான் வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.

பெரியப்பா மரியாதைக்கு வந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுவதும் நின்று கேட்டு, "சத்தம் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வயிறு எரிகிறது என்று அம்மா சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறத்தியாருக்கு வயிறு எரிவது இவ்வளவு சுகமான விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனியில் மழை பிடித்தது. பத்து நாள் விடாமல் பெய்தது. ஒரு சாயங்காலம் பெரியப்பா வீட்டுப் பாட்டு திடீரென்று கரகரவென்று கேட்டது. துணியைக் கழற்றிப் பார்த்தால், கூம்பைச் சுற்றிப் பிடித்திருந்த ஃபோம் வளையம் அழுகிப்போய், தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அந்த வளையம் வளைந்து கொடுத்தால்தான் கூம்பு முன்னும் பின்னும் அசையும், அசைந்தால்தான் பாட்டு. முப்பது வருடம் பாலைவனத்தில் பத்திரமாக இருந்தது, எங்கள் ஊர் ஈரத்தை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பெரியப்பா திருவனந்தபுரத்துக் கடைகளுக்கெல்லாம் போன் செய்தார். இந்த அளவில் வளையம் கிடையாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றார்களாம். அந்த வீட்டில் பாட்டு நின்றது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்கு நடந்தாள்.

அன்று எங்கள் வீட்டில் சிறுபயறுப் பாயசம். எதற்கு என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு தம்ளர் குடித்தேன். ஹோம் தியேட்டரின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தோம்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது அப்பாதான். "ரப்பருக்கா பஞ்சம் நம்ம விளையில?" என்று சொல்லிக்கொண்டு அவராகவே அந்த வீட்டுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் முதலில் ஒரு துண்டு ரப்பர் ஷீட்டைத்தான் தேடுவார்கள். கதவு அடித்தால் ஷீட், குழாய் ஒழுகினால் ஷீட், செருப்பு அறுந்தாலும் ஷீட். அப்பாவும் புகை போட்ட ஷீட்டில் வட்டமாக இரண்டு வளையம் வெட்டி, பசை போட்டு ஒட்டிவிட்டார். ஷீட் கனமானது, கூம்பை அசையவே விடவில்லை. போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போல் இருந்தது பாட்டு. போதாததற்கு வாடை. ஷீட்டின் புளித்த புகை வாடை எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் அது கொட்டகையில் இருக்க வேண்டிய வாடை. சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டு வந்த பங்குச்சாமியார் நாற்காலியில் அரைப் பாட்டுவரை இருந்தார். பிறகு ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டியது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. இதைக் கேட்ட அம்மா, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

அப்பா விடவில்லை. எங்கள் அடுக்களை ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார். அதைக் கிடையாக வைத்து, தண்ணீர் கலந்த ரப்பர் பாலை அதன் மேல் மெல்லப் பரப்பிக் காய வைத்தார். காய்ந்ததும் பலூன் தோல் மாதிரி உரிந்து வந்தது. முதல் தோல் கிழிந்தது, அடுத்தது சுருங்கியது. தினமும் ஷீட் வேலை முடிந்ததும் அங்கேதான் போவார். ஜன்னல் வழியாக அடுக்களைக்குள் சாரல் அடித்தது. அம்மா அதற்கும் அந்தப் பெட்டிகளைத்தான் ஏசினாள்.

ஒருநாள் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். பெரியப்பாவும் அப்பாவும் தரையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பக்கத்தில் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு, அப்பா கேட்கும்போது எடுத்துக் கொடுத்தாள். அவள் கொடுக்கும்போது அப்பா நிமிர்ந்து பார்க்காமலே "இங்கோடு தா மக்கா" என்றார். என்னைக் கூப்பிடுகிற அதே மக்கா. நாற்காலி அவளுக்கு, பாட்டு அவளுக்கு, இப்போது என் அப்பாவும் அவளுக்கு. சோறு ஆறுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அப்பா வருவதற்கே நேரமாகிவிட்டது.

எந்தத் தோலோ ஒன்று சரியாக அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டார்கள். அம்மா வரவில்லை, மரச்சீனிக் கிழங்கு நறுக்க வேண்டும் என்றாள். பெரியம்மா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பெரியப்பா நாற்காலியைத் துடைத்து அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா திரும்பி, பாயில் உம்மென்று இருந்த என்னைப் பார்த்தார்.

"மக்கா, நீ போய் இரி."

அக்காவின் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. நான் மெதுவாக நடந்து போய், முழு உடம்பாலும் நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது.

ஒரு பெண் பாடினாள். பெட்டிகளில் அல்ல. நடுவில், காலண்டர் தொங்கிய சுவருக்கு முன்னால், ஆள் நிற்கிற உயரத்தில் நின்று பாடினாள். எழுந்து போய்க் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஒரு வரி முடிந்து அடுத்த வரி எடுப்பதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்தாள். அது என் மேல் பட்டது போல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ரசித்து வந்த அழுகை என்று நினைத்துப் பெரியப்பா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்தது ஆத்திரம். நான் ஓரத்துப் பாயில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்த நாளெல்லாம் இது இங்கே இப்படி நடந்துகொண்டிருந்திருக்கிறது. இது நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

வருகிற வழியெல்லாம் அம்மாவுக்குச் சொல்ல ஒரு குற்றம் தேடினேன். அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"மோசம். பாடுகவ மூச்சு வாங்குகது வரை கேக்குது" என்றேன்.

அம்மாவின் கத்தி நின்றது. எங்கிருந்து கேட்டது என்று கேட்டாள். நடுவிலிருந்து, ஆள் நிற்பது மாதிரி என்றேன். ஒவ்வொரு வரிக்கும் கேட்டதா, இழுத்து எடுத்தாளா, வெட்டி எடுத்தாளா என்று அடுத்தடுத்துக் கேட்டாள். நாளைக்குக் கிணற்றடிச் சண்டைக்குச் சரக்கு சேர்க்கிறாள் என்று புரிந்துகொண்டு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் உற்சாகமாகக் கொடுத்தேன்.

நாளைவரைகூட அவள் காத்திருக்கவில்லை. பெரியம்மா கிணற்றடியில் சாயா கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். சண்டை பார்க்க நானும் பின்னால் ஓடினேன்.

"அக்கா, அதுல பாடுகவ மூச்சு எடுக்கது கூடக் கேக்குமாமே" என்றாள் அம்மா.

பெரியம்மா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்பிடியா? எனக்குத் தெரியாதே பிள்ளே. அந்த நாற்காலில நான் இருந்ததே இல்ல."

என்ன நடிப்பு என்று நினைத்தேன். தினமும் அந்தப் பெட்டிகளைத் துணி போட்டுத் துடைக்கிறவள், யார் வந்தாலும் சாயாவோடு அந்த அறைக்குள் போய் வருகிறவள். அம்மா இதை நறுக்கென்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மாவோ குடத்தைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். சண்டை வருவதாகத் தெரியவில்லை. ஏமாற்றத்தோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். நிஜமாகவே உடம்பு சுட்டது, பள்ளிக்குப் போகவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் ஷீட் விற்க மார்த்தாண்டம் போயிருந்தார்கள், அக்கா பள்ளிக்குப் போய்விட்டாள். படுத்துக்கிடந்த எனக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து பாட்டுக் கேட்டது. ஆண்கள் இல்லாத நேரத்தில் அந்தப் பெட்டிகள் பாடியதே கிடையாது. யாரும் தொடக்கூடாது என்பது பெரியப்பாவின் சட்டம். இதை அம்மாவிடம் உடனே சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுக்களையில் அடுப்பு எரிந்தது, ஆள் இல்லை. கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய் அந்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

அம்மா நாற்காலியில் இருந்தாள். ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா பின்னால் நின்று அவள் தோளில் கை வைத்திருந்தாள். பாடுகிறவள் மூச்சு எடுக்கிற இடத்தில் அம்மாவின் நெஞ்சும் ஏறித் தாழ்ந்தது. பாட்டு முடிந்ததும் பெரியம்மா, "எழும்பு ஏட்டி, இனி நான் இரிக்கட்டும்" என்றாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வாய்க்குள் அதே பாட்டு. எங்கே போனாய் என்று கேட்டேன். தண்ணீர் கோரப் போனேன் என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அப்பா போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இப்போது அம்மாவையும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டிகளை வெறுக்க எங்கள் வீட்டில் இனி நான் ஒருத்திதான் பாக்கி என்பது மட்டும்தான் அன்று எனக்குப் புரிந்தது.