மூடியக்கா

அவளுக்கு வேறு பெயர் இருப்பதே அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பால் போடுகிறவர் முதல் வார்டு உறுப்பினர் வரை எல்லாருக்கும் அவள் மூடியக்கா. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெறுமனே மூடி என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

பெயர் வந்த விதம் இதுதான். வீடுகள் சாலைக்கு இந்தப் பக்கம், ஆரம்பப் பள்ளி அந்தப் பக்கம். நடுவில் டயர்க் கடையை ஒட்டி ஒரு வளைவு. திரும்புகிற வண்டிக்கு எதிரே பிள்ளை நிற்கிறதா, குப்பைத்தொட்டி நிற்கிறதா என்று தெரியாது. சின்ன மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த புதிதில் ஒரு காலை, அரிசி அளக்க டிரம்மைத் திறந்தவள், நேரமாகிவிட்டதைப் பார்த்து மகளை ஒரு கையில் இழுத்துக்கொண்டு ஓடினாள். சாலைக்கு வந்த பிறகுதான் மறு கையில் டிரம்மின் சிவப்பு மூடி இருப்பது தெரிந்தது. தினமும் கையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனவள், அன்றைக்கு மூடியோடு கையைத் தூக்கினாள். ஒரு லாரி நின்றது. அதன் பின்னால் இன்னொன்றும் நின்றது. கைக்கு இல்லாத மரியாதை மூடிக்கு இருந்தது.

அதோடு அந்த மூடி சமையலறைக்குத் திரும்பவில்லை. அரிசி டிரம்மின் மேல் ஒரு பழைய தட்டு உட்கார்ந்தது.

முதலில் தன் மகள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன், "உங்க பொண்ணோட இவனையும் தாண்டி விட்டுடுங்கக்கா, ஒண்ணோட ஒண்ணு" என்று. அப்புறம் மாடி வீட்டு இரட்டையர். கொஞ்ச காலத்தில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் வரும்வரை ஓரத்தில் நிற்கப் பழகினார்கள். பெற்றவர்கள் வாசலோடு டாட்டா சொல்லப் பழகினார்கள். ஒரு தடவை காய்ச்சலோடு கொஞ்சம் பிந்தி வந்தபோது, தெருமுனையில் துணி தைக்கிற தையல்காரி, "என்னக்கா, சொல்லாம கொள்ளாம லீவு போடுறீங்க?" என்று கேட்டாள். கோபமாக அல்ல, உரிமையாகத்தான். எனக்கு இது வேலை இல்லைம்மா என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் ஒரு வேன் வந்துவிட்டது.

அவளுடைய வேலை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். துவைத்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு இஸ்திரி போட வேண்டும். ஒரு விரிப்புக்கு நாலு கை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, ஒரே சமயத்தில் விட வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணிக்கொண்டு போய் உருளையில் சுற்றிக்கொள்ளும். அவளும் எதிரே நிற்கும் ஜோடிக்காரியும் பேச்சில்லாமலே விடுவார்கள். நாள் பூராவும் நின்றால் கால் கட்டையாகிவிடும், ஆனால் சுத்தமான வேலை. வெந்த பருத்தியின் வாசம்.

ஆரம்பப் பள்ளியில் பிள்ளை படிக்கிற தாய்மார்கள் காலையில் கொஞ்சம் பிந்தி வரலாம் என்று அங்கே ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகையில்தான் இத்தனை வருடமும் மூடி சாலையில் நின்றது. இந்த வருடம் சின்னவளும் அக்கா படிக்கிற பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள்.

"அக்காவும் தங்கச்சியும் ஒண்ணாப் போறாங்களாமே," என்றாள் மேற்பார்வைக்காரம்மா.

"ஆமாம்மா. ரோடு தாண்டவே வேண்டாம்."

"சந்தோஷம். அப்ப நீயும் எல்லாரையும் போல முதல் மணிக்கே வந்துடு. எனக்கு உன்மேல ஒண்ணும் இல்லை. உனக்கு விட்டா மத்தவளுங்க என்னை உயிரோட தின்னுடுவாங்க. லேட்டானா இஸ்திரியில இடம் இல்லை, அழுக்கறைதான். முன்னாடியே சொல்லிட்டேன்."

அழுக்கறை என்பது வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைப் பிரிக்கிற இடம். இரத்தம் பட்டது தனி, மற்றது தனி. பெரியவள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அவள் அங்கே இருந்தாள். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் விரலில் ஒரு வாடை நின்றது. ஊட்டப் போனால் பிள்ளை வாயைத் திருப்பிக்கொள்ளும். தகப்பன் ஊட்டினால் தின்னும். தாய்மையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இதையெல்லாம் பேசுவதில்லை. அந்த மூட்டைகளிடம் இனி போவதில்லை என்று அவள் அப்போதே முடிவு செய்திருந்தாள்.

ஆக, சாலையை விட வேண்டும். விடுவதற்கு முன் ஒழுங்காக ஒரு ஏற்பாடு செய்துவிட்டு விட வேண்டும். ஓட்டுப் போடுகிறோம், வரி கட்டுகிறோம், குப்பையைத் தொட்டியில் போடுகிறோம், அதோடு நம் பங்கு முடிந்தது என்று இருந்தவள், முதல் தடவையாக வார்டுக் கூட்டத்துக்குப் போனாள். மூடியைப் பையில் எடுத்துப் போயிருந்தாள், காட்ட வேண்டியிருக்குமோ என்று.

கூட்டத்தில் பாதி நேரம் சாக்கடை. பிறகு தெருநாய். அவள் முறை வந்தபோது வார்டு உறுப்பினரே எழுந்து, "இவங்கதான் நம்ம மூடியக்கா. நம்ம வார்டோட பெருமை," என்றார். நாலு பேர் கை தட்டினார்கள்.

"பெருமை இருக்கட்டுங்க. அந்த வளைவுல ஒரு வேகத்தடை போட்டுக் கொடுங்க. நான் இனிமே நிக்க முடியாது."

சாலைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் காலையிலிருந்து நின்றவர் போலத்தான் இருந்தார். "அந்த இடத்துல இதுவரைக்கும் ஒரு விபத்து கூட நடக்கலையேம்மா."

"நடக்கலைதான். நான் நிக்கிறேன்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆள் செத்த இடத்துக்கெல்லாம் போடவே எனக்குத் தார் பத்தலை. ஒண்ணுமே நடக்காத இடத்துக்கு எதைச் சொல்லிக் கேக்கட்டும்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. பை மடியிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து தட்டு வைக்கும்போது கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். கணவன் ரொட்டி அடுப்பில் வேலை செய்கிறவன்; ஊர் எழுவதற்கு முன் போய்விட்டு மதியம் வருகிறவன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவனுக்குப் பாதிக் கண் மூடித்தான் இருக்கும்.

"இதுல என்ன இருக்கு? ஒரு வாரம் நிக்காம இரு. தன்னால போட்டுடுவாங்க," என்றான்.

"எப்படிப்பா தன்னால போடுவாங்க?" என்றாள் பெரியவள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "என்ன நடந்தா போடுவாங்க?"

கணவன் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தான்.

"நான் அப்படி நினைச்சுச் சொல்லலைடி," என்றான்.

"தெரியும்," என்றாள் மூடியக்கா. "சாப்பிடுங்க."

சின்னவள்தான் பேச்சை மாற்றினாள். "அம்மா, என் புது கிளாஸ்ல என்னை மூடி பொண்ணுன்னு சொல்றாங்க. டிரம் எங்கேன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வீட்ல தூங்குதுன்னு சொன்னேன்."

கணவன் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான். அன்றைக்கு எல்லாரும் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அடுத்த வேலையாகப் பள்ளி வாசலில் தாய்மார்களைக் கூட்டி வைத்துப் பேசினாள். ஆளுக்கு ஒரு நாள், முறை வைத்து நின்றால் யாருக்கும் பாரம் இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். "நீங்க இத்தனை வருஷம் பண்ணினதே பெரிசுக்கா" என்றார்கள். முதல் நாள் யார் என்று கேட்டபோது மட்டும் எல்லாரும் கொஞ்சம் வானத்தைப் பார்த்தார்கள். தையல்காரி, "நான் பார்த்துக்கறேன், குடுங்க," என்று மூடியை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மூடியக்கா முதல் மணிக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார இடம் கிடைத்ததே ஒரு விருந்து போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அந்தப் பேருந்து டயர்க் கடை வளைவு வழியாகத்தான் போகும், பள்ளிக்குச் சீக்கிரம் வருகிற பிள்ளைகள் ஓரத்தில் சேர்ந்துவிடுகிற நேரத்தில். மூடி எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துவிட்டுக் கண்ணை மூடலாம் என்று வைத்திருந்தாள்.

மூடி இல்லை. பிள்ளைகள் ஓரத்தில் கொத்தாக நின்றார்கள். இரட்டையரில் ஒருவன் சாலையில் கால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். வண்டிகள் அவன் செருப்பை உரசுகிற மாதிரிப் போயின. பேருந்து வளைந்து தாண்டிவிட்டது.

யாராவது வருவார்கள் என்று நினைத்தாள். அடுத்த நிறுத்தம் வரைக்கும் அதையே நினைத்தாள். நிறுத்தத்தில் இறங்கியபோது, இறங்க வேண்டும் என்று முடிவு எடுத்த ஞாபகம்கூட அவளுக்கு இல்லை. கால் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். பின்னால் கதவு மூடியது. முதல் மணி போனது. இஸ்திரி போனது.

ஓடவில்லை, ஓட உடம்பில் ஒன்றும் இல்லை. வேகமாக நடந்தாள். பிள்ளைகள் அவளைப் பார்த்ததும் கூச்சல் போடவில்லை. வழக்கம்போல வரிசை கட்டினார்கள், அவ்வளவுதான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கையில் மூடி இல்லாததால் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுச்சாலைக்குப் போனாள். ஒரு தண்ணீர் லாரி முனகிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் தாண்டினார்கள். கடைசியாக ஒரு சிறுமி அவிழ்ந்த ஷூ லேஸோடு தாண்டினாள்.

சாலை காலியானது. இப்போது கையை இறக்கி ஓரத்துக்கு வர வேண்டும். அவள் இறக்கவில்லை.

யோசித்துச் செய்ததாகப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. எப்படியும் லேட்டு, இனி எதற்கு அவசரம் என்று இருந்தது. ஓரத்துக்குப் போனால் நாளைக்கும் இதே சாலைக்கு வர வேண்டும் என்றும் இருந்தது. நின்றாள்.

தண்ணீர் லாரிக்காரன் தலையை நீட்டினான். "அக்கா, பிள்ளைங்க போயாச்சே?"

"போயாச்சு."

"பின்னே?"

"நான் இன்னும் போகலை."

அவன் இன்ஜினை அணைத்துவிட்டான். பின்னால் ஹாரன்கள் அணையவில்லை. ஒரு காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, "உங்களால எத்தனை பேருக்கு வேலை கெடுது தெரியுமா?" என்றார். "எனக்குக் கெட்டாச்சுங்க," என்றாள். அவர் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார். டயர்க் கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து சாலை நடுவில் போட்டார். அவள் உட்கார்ந்துகொண்டாள். கை மட்டும் தூக்கியபடியே இருந்தது. வலித்தபோது மற்ற கைக்குப் பையை மாற்றினாள்.

தையல்காரி மூடியோடு ஓடி வந்தாள், தலைகூட வாராமல். "மாடி வீட்டம்மா இன்னைக்கு நிக்கிறேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சுக்கா." மாடி வீட்டம்மா பின்னாலேயே வந்து, "நான் எங்கடி சொன்னேன்?" என்றாள். மூடியக்கா இருவரையும் பார்த்தாள். திட்டக்கூடத் தோன்றவில்லை. "மூடியைக் குடு," என்று மட்டும் கேட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தூக்கிப் பிடித்தாள்.

வார்டு உறுப்பினர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது வரிசை சந்தை வரைக்கும் போயிருந்தது.

"என்னம்மா இது? மறியலா?"

"மறியல் எல்லாம் இல்லைங்க. தினமும் நிக்கிறதுதான். இன்னைக்குக் கொஞ்சம் நேரமாகுது."

"நான் பேசறேன்மா. மேல வரைக்கும் பேசறேன். எழுந்திருங்க."

"பேசுங்க. அது வரைக்கும் நாளைக்கு யாரு நிக்கிறது?"

"ஏற்பாடு பண்றேன்."

"நானும் ஏற்பாடு பண்ணினேங்க." தையல்காரி தலையைக் குனிந்தாள். "நீங்க நில்லுங்க. வேகத்தடை வர்ற வரைக்கும் காலையில நீங்க வந்து நில்லுங்க. சரின்னு இவங்க முன்னாடி சொல்லுங்க, நான் எழுந்துக்கறேன்."

உறுப்பினர் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. தண்ணீர் லாரிக்காரன், "சொல்லுங்க சார், டாங்கி ஒழுகுது," என்றான்.

"சரி," என்றார்.

அவள் மூடியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்தாள்.

அவர் நின்றார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, சின்னவள் பாஷையில் சொன்னால் கொக்கு மாதிரி நின்றார். நின்று பார்த்ததில் ஒரு வேன் அவர் முழங்கையை உரசிவிட்டுப் போனது. ஆள் செத்த இடங்களுக்கே போதாத தார் அதற்கப்புறம் எங்கிருந்தோ வந்தது. வேகத்தடையைப் போட்டவர்கள் வளைவுக்கு முன்னால் போடாமல் டயர்க் கடை வாசலில் போட்டார்கள். அதனால் பிள்ளைகள் கொஞ்சம் சுற்றித்தான் தாண்ட வேண்டியிருந்தது. ஆனால் வண்டிகள் மெதுவாகத்தான் போயின.

மேற்பார்வைக்காரம்மாவும் சொன்னதைச் செய்தாள். "எல்லாம் கேள்விப்பட்டேன். நல்ல காரியம்தான். ஆனா நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேனே," என்றாள். "மழைக்காலம் முடியட்டும், திரும்ப இஸ்திரிக்கு எடுத்துக்கறேன்." மூடியக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள். மூட்டைகள் அப்படியேதான் இருந்தன. குழந்தைகள் வார்டு மூட்டை தனியாக வரும். காலையில் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கனம் குறைவாக இருந்தால், சரி என்று வைத்துவிட்டு மற்றதைப் பிரிக்கத் தொடங்குவாள்.

மூடியை உறுப்பினர் வீட்டுப் பையன் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதைக் கழுவி, தட்டை எடுத்துவிட்டு, டிரம்மின் மேல் வைத்து அழுத்தினாள். ஒரு பக்கம் உட்கார்ந்தால் இன்னொரு பக்கம் எழுந்தது. இத்தனை வருட வெயிலில் நெளிந்துபோயிருந்தது.

"புதுசு வாங்கிக்கலாம் விடு," என்றான் கணவன்.

"தட்டு போதும்," என்றாள். மூடியைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். கையை இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டு, அரிசியை அளந்தாள்.