அக்கா திருத்திய எண்ணிக்கை

1986 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. என் நாட்குறிப்பில் உள்ளபடி: ஐந்தரைக்கு, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி. ஆறுக்கு அக்கா கோப்பி குடித்தார். ஏழுக்குத் தோட்டத்து மருந்தகத்தைத் திறந்தார். மழை இல்லை.

அக்கா பத்தாங் காலிப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அப்பா இறந்தபின், தோட்டத்தார் 'மிஸ்ஸி' என்றழைக்கும் தாதியாகி, மலேசியாவின் கோல சிலாங்கூர் தோட்டத்திற்கு வந்து, தம்பி என்னையும் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் படிக்கவைத்தார். மூச்சு நின்றவரை மீட்கும் பயிற்சிக்கு அதற்கு முந்தைய ஆண்டு கிள்ளானுக்குப் போய் வந்தார். சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டினோம். பத்து மாதம் அதைத் துடைத்தோமே தவிர, பயிற்சியை யாரும் திரும்பச் செய்து பார்க்கவில்லை.

அன்று மூன்று மணிக்கு, வாய்க்காலில் மூழ்கிய தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மருந்தகத்து ஆயா பாக்கியம் எண்ணிக்கொண்டே நெஞ்சை ஐந்து முறை அமுக்க வேண்டும். பிறகு அக்கா ஒருமுறை ஊத வேண்டும். பாக்கியம் பல ஆண்டுகள் அரிசி அளந்தவர். முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் மங்கலமாக 'லாபம்' என்று எண்ணும் வழக்கம், பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது.

"லாபம், ரெண்டு, மூணு..."

ஒன்றுக்காகக் காத்திருந்த அக்காவுக்குக் கணக்குத் தப்பியது. அமுக்கும்போதே ஊதினார்.

"ஒன்னுன்னு சொல்லு பாக்கியம்!"

"வாய் வர மாட்டேங்குதே மிஸ்ஸி!"

நிறுத்தி, தொடங்கி, மறுபடி நிறுத்தினார்கள். அந்தத் தொழிலாளி பிழைக்கவில்லை. கொண்டுவரும்போதே காலம் கடந்துவிட்டது என்றார் மருத்துவர். அக்கா அதை ஏற்கவில்லை.

"கத்துக்கிட்டுத்தானே தம்பி வந்தேன். கை மறந்துபோச்சே."

அந்த வாரமே கோணிச் சாக்கில் பஞ்சு அடைத்து, என் பழைய சட்டையை மாட்டி ஒரு பொம்மை செய்தார். திங்கள்தோறும் மருந்தகம் திறக்குமுன் பயிற்சி. பக்கத்துத் தோட்டத் தாதிகள் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

"எத்தனை வாட்டி மிஸ்ஸி இந்த ஆளு சாவான்?" என்பார் பாக்கியம்.

"நீ ஒழுங்கா அமுக்கு லா, எழுந்திரிப்பான்."

சிரிப்பார்கள், அக்கா சிரிக்க மாட்டார். எங்கள் வீட்டில் அரிசி அளக்கும்போதுகூட 'லாபம்' என்ற சொல் அதன்பின் வந்ததில்லை.

1988 ஜூன் 12, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அக்கா சமையலறையில் சாய்ந்தார். பாக்கியம் ஓடிவந்து அமுக்கினார். நான் ஊதினேன். தோட்ட அலுவலக வண்டி வரும்வரை, "ஒன்னு, ரெண்டு" என்ற குரல் ஒருமுறையும் பிசகவில்லை. அக்காவுக்கு மூச்சு திரும்பவில்லை.

"தப்பா எண்ணலியே அண்ணே?" என்று என்னைக் கேட்டார் பாக்கியம்.

"இல்லம்மா."

வண்டி கொடுத்த அலுவலகத்தாருக்கும், இறுதிவரை உடன் நின்ற லயத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மறுநாள் திங்கள். அக்காவின் உடல் வீட்டில் இருந்தது. ஆறரைக்குப் பாக்கியம் என்னிடம் மருந்தகச் சாவியைக் கேட்டு வாங்கிப் போனார். தாதிகள் இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள். பொம்மையை மேசையில் கிடத்தி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.