வீட்டைப் பார்த்தபடி இறங்கியவள்

மோர்ன் எத்வால் குன்றில் இரும்பு வேலை தெரிந்த ஒரே பெண் விதலீன். அவள் அந்த வேலைக்குப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஆற்றங்கரை மருத்துவ நிலையத்தை நடத்திவந்த ஊர்க்குழு, அதன் பின்புறத்துத் தகரக் கொட்டகைகளில் தொழில் கற்றுத்தரவும் ஆரம்பித்தது. குன்றுப் பெண்கள் எல்லோரும் தையலுக்கே பெயர் கொடுத்தார்கள். விதலீன் மட்டும் சற்று யோசித்தாள். குன்றில் ஏற்கெனவே இரண்டு தையற்காரிகள் இருந்தார்கள், பள்ளிக்கூடமோ ஒன்றுதான். அதன் சீருடையை யார் தைப்பது என்பதில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. மூன்றாவது ஆளாக அதில் போய் விழ அவளுக்கு விருப்பமில்லை. எதிர்க் கொட்டகையில் வெல்டிங் வகுப்பில் இடம் காலியாக இருந்தது. போய் நின்றாள்.

அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் எல்லை தாண்டித் தொமினிக்கன் நாட்டுப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவன்; முதல் வருஷம் வந்துபோகிறவர்களிடம் ஏதாவது கொடுத்தனுப்பினான், பிறகு செய்தியும் நின்றது. அவரைக்காயும் ஈரப்பலாவும் சந்தைக்குச் சுமந்து விற்றுத்தான் அவள் குடும்பத்தை ஓட்டிவந்தாள்.

வகுப்பு எடுத்தவர் கிளெர்வோ. கைத்தொழில்காரர் எல்லோரையும் அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நின்றவளை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"தையல் அந்தப் பக்கம்மா."

"தெரியும் பாஸ். அங்க நெரிசல்."

"இங்க தீப்பொறி பறக்கும். பாவாடை பத்திக்கும்."

"அப்ப உங்க பழைய கால்சட்டை ஒண்ணு குடுங்க."

உள்ளே இருந்த ஆண்கள் சிரித்தார்கள். மறுநாள் கிளெர்வோ நிஜமாகவே ஒரு கால்சட்டை கொண்டுவந்தார். அதை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு அவள் எட்டு மாதம் வேலை கற்றாள்.

தொழில் படிக்கும் எல்லோரும் வெள்ளிக்கிழமை தோறும் நர்ஸ் ஆர்லின் நடத்தும் சுகாதார வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும் என்பது குழுவின் விதி. வெல்டிங் ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை.

"இரும்பு ஒட்ட வந்தவனுக்குப் பிள்ளைப்பேறு எதுக்கு மிஸ்?" என்று ஒருவன் கேட்டான்.

"உன்னைப் பெத்தவ என்ன, பட்டறையிலயா வார்த்தெடுத்தா? உக்காரு" என்றாள் ஆர்லின்.

அங்கேதான் விதலீன் கேட்டுக்கொண்டாள்: கர்ப்பிணிக்கு முகம் வீங்கி, விடாத தலைவலி வந்து, கண் முன்னே பொறி பறந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கீழே கொண்டுவர வேண்டும்; வலிப்பு வந்துவிட்டால் தாயும் பிழைப்பது கஷ்டம், பிள்ளையும் பிழைப்பது கஷ்டம்.

ஆனால் கொண்டுவருவது எப்படி? குன்றிலிருந்து மருத்துவ நிலையத்துக்கு வண்டிப் பாதை இல்லை. நோயாளி கழுதை மேல் உட்கார முடிந்தால் கழுதையில் வருவார். முடியாவிட்டால் யாராவது முதுகில் சுமப்பார்கள். இரண்டுக்கும் ஆகாதவர் வீட்டிலேயே கிடப்பார். அதனால் பயிற்சி முடிவில் ஏதாவது ஒரு பொருள் செய்து காட்ட வேண்டும் என்று கிளெர்வோ சொன்னபோது, விதலீன் ஸ்ட்ரெச்சர் செய்தாள். இரண்டு நீளக் குழாய், நடுவே நான்கு குறுக்குக் கம்பி, மேலே கித்தான். கொட்டகை முன் சமதரையில் கிளெர்வோவையே படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினார். குழு அதைக் குன்றுக்கே கொடுத்தது. பயன்பட்டால் மற்றக் குன்றுகளுக்கும் அவளிடமே செய்யச் சொல்வோம் என்றார்கள்.

பயன்படவில்லை. முதலில் அதில் படுத்தவன் எலிஃபேத். ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவன். தலையை முன்னால் வைத்துத்தான் தூக்கினார்கள். சரிவு தொடங்கியதும் தலை கீழே, கால் மேலே என்று ஆகி, ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. அவன் கத்தினான். சுமந்தவர்கள் ஸ்ட்ரெச்சரைத் திருப்பிப் பிடித்தார்கள். இப்போது தலை மேட்டுப் பக்கம் வசதியாக இருந்தது. கால் முன்னே போனது. எலிஃபேத் தன் கால்களைப் பார்த்தான், அவற்றுக்கு அப்பால் இறங்கும் பாதையைப் பார்த்தான். பாதையின் முதல் திருப்பத்தில்தான் கல்லறைகள்.

"டேய், நிறுத்துங்கடா. என்னைப் பொதைக்கவா கொண்டு போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான்டா."

"காலை முன்னால நீட்டியா? எங்கப்பனை இப்படித்தான் கொண்டு போனீங்க."

அந்தக் குன்றில் செத்தவரைத்தான் கால் முன்னே செல்லும்படி எடுத்துப்போவார்கள். உயிரோடு இருப்பவரை அப்படித் தூக்குவது அவர் கணக்கை முடித்துவிட்டதற்குச் சமம். எலிஃபேத் முறிந்த காலோடு புரண்டு இறங்கி, பாதை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். கடைசியில் அவன் மைத்துனன் முதுகில்தான் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு விதலீனின் ஸ்ட்ரெச்சரில் ஊரார் காப்பிக் கொட்டை காயவைத்தார்கள். ஈரம் தங்காமல் கொட்டை நன்றாகக் காய்கிறது என்று அவளிடமே பாராட்டிச் சொன்னார்கள்.

சமதரையில் சோதித்தது தன் தவறுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. குன்றில் பிறந்தவள், குன்றை மறந்துவிட்டுச் செய்திருந்தாள். ஆனால் தலையும் மேலே இருக்க வேண்டும், காலும் முன்னே போகக் கூடாது என்றால் மனிதரை எப்படிப் படுக்கவைப்பது? ஸ்ட்ரெச்சரை அப்படியே விட்டுவிட்டாள். கதவுக்குக் கீல் வைப்பதும், உடைந்த மண்வெட்டிக்கு ஒட்டுப்போடுவதுமாக நாட்கள் போயின.

அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது ஃபாநெலின் மனைவி ரோஸ்லோருக்கு எட்டாவது மாதம். முதல் பிள்ளை. அவர்கள் விதலீனுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் விதலீன் அவர்கள் வேலிக்கு வெளியே நின்று, வீட்டுக்குள் நுழையக் கேட்கும் குன்று வழக்கப்படி, "கௌரவம்!" என்று குரல் கொடுத்தாள்.

"மரியாதை! உள்ள வா" என்றாள் ஃபாநெலின் அம்மா ஓர்மீலியா.

ரோஸ்லோர் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். முகம் பிசைந்த மாவு போல உப்பியிருந்தது. கண்கள் இடுங்கியிருந்தன. விரலில் மோதிரம் புதைந்து கிடந்தது.

"என்னடி இது? எப்பலேர்ந்து?"

"ரெண்டு நாளா தலை பிளக்குது அக்கா. கண்ணு முன்னாடி மின்மினி பறக்குது. பகல்ல ஏது மின்மினி?"

விதலீன் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தை, இவளை இப்பவே கீழ கொண்டு போகணும்."

"முள்சீத்தா இலைக் கஷாயம் குடுத்திருக்கேன். சாயங்காலம் வடிஞ்சிரும்" என்றாள் ஓர்மீலியா.

"வடியாது அத்தை. இது பிரஷர். வலிப்பு வந்துச்சுன்னா ரெண்டு உசுரும் போயிரும். மிஸ் ஆர்லின் சொல்லிக் குடுத்தாங்க."

"இரும்பு ஒட்டப் போனவளுக்கு இதெல்லாமா சொல்லிக் குடுக்கிறாங்க?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சொல்லிக் குடுத்தாங்க. சொல்லாம இருந்தா நான் தண்ணி எடுக்கப் போயிட்டே இருந்திருப்பேன்."

ஃபாநெல் ஓடிப்போய்க் கழுதையைப் பிடித்து வந்தான். ரோஸ்லோரை எழுப்பி நிறுத்தியதும் அவள் தலை சுற்றி அவன் மேலேயே சாய்ந்தாள். கழுதை ஆகாது. அந்த வயிற்றோடு யார் முதுகிலும் ஏற்ற முடியாது. அவன் காப்பிக் கொட்டையைக் கொட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே சுமக்க மூன்று பேரும் வந்தார்கள்.

ஓர்மீலியா வாசலை மறித்து நின்றாள்.

"இதுல வேண்டாம். என் மருமக கால் முன்னால இந்த வாசலைத் தாண்டாது."

"அம்மா, நகருங்கம்மா."

"உன் அப்பனை அனுப்பிட்டேன், உன் தங்கச்சியை அனுப்பிட்டேன். ரெண்டு பேரும் இந்த வாசல் வழியா அப்படித்தான் போனாங்க. இவளையும் அப்படிப் பாக்க என்னால முடியாதுடா."

ஃபாநெல் ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்தான். சுமக்க வந்தவர்களும் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். ரோஸ்லோர் பாயில் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

விதலீன் கிழவியின் பக்கத்தில் போய் நின்றாள். அவளைத் தள்ளிவிட்டுப் போனால் ரோஸ்லோரும் பயந்து வழியில் இறங்கிவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். எலிஃபேத் இறங்கவில்லையா?

"அத்தை, செத்தவங்களை எதுக்கு அப்படிக் கொண்டு போறோம்?"

"எதுக்கா? தெரியாத மாதிரி கேக்குற. வீட்டைப் பாக்காம போகணும். பாத்தா திரும்பி வருவாங்க."

"அப்ப ரோஸ்லோர் வீட்டைப் பாத்துக்கிட்டே போகட்டும். காலும் வீட்டுப் பக்கம், முகமும் வீட்டுப் பக்கம். திரும்பி வரணும்தானே நமக்கு?"

கிழவி பாயில் கிடந்த மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லி முடித்த பிறகுதான் விதலீனுக்கே மீதி விளங்கியது. படுக்கவைத்தால்தான் தலையா காலா என்ற வழக்கு. உட்காரவைத்து, முதுகைப் பள்ளத்தின் பக்கம் திருப்பிவிட்டால், சரிவில் சட்டம் சாயும்போது ஆள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தது போலத்தான் இருக்கும். முன்பக்கம் சரியவும் முடியாது.

கித்தானை அவிழ்த்து எறிந்தாள். வீட்டில் உயரமான முதுகோடு ஒரே ஒரு மர நாற்காலி இருந்தது, உட்காரும் இடம் வைக்கோலால் பின்னியது.

"அதை எடுங்க."

"அது நான் உக்கார்ற நாற்காலி" என்றாள் ஓர்மீலியா.

"இன்னைக்கு ஒரு நாள் நின்னுக்கிட்டு இருங்க அத்தை."

கிழவி நாற்காலியைத் தானே தூக்கிவந்து கொடுத்தாள்.

நாற்காலிக் கால்களுக்கு இடையில் உள்ள குறுக்குக் கட்டைகள் ஸ்ட்ரெச்சரின் நடுக் கம்பிகள் மேல் அமரும்படி இறக்கினாள். கால்கள் கீழே தொங்கின. எட்டு இடத்தில் நார்க் கயிறு போட்டு முறுக்கிக் கட்டினாள். ஃபாநெலை முதலில் உட்காரச் சொல்லி, முன்பக்கத்தைத் தாழ்த்தியும் பின்பக்கத்தை உயர்த்தியும் ஆட்டிப் பார்த்தாள். ஒரு கட்டு நெகிழ்ந்தது; அதை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு ரோஸ்லோரை உட்காரவைத்து, மார்புக்குக் கீழே ஒரு துணியும் தொடையில் ஒரு துணியும் சுற்றிக் கட்டினார்கள். நால்வர் தாழ்வாகப் பிடித்துத் தூக்கினார்கள். வாசலை அவள் முதுகு காட்டித் தாண்டினாள். பாதங்கள் கடைசியாக வெளியே வந்தன. முற்றத்தில் தோளுக்கு ஏற்றினார்கள்.

பாதையில் இறங்கும்போது சுமப்பவர்கள், கூட்டாக வயல் கொத்தும்போது பாடுகிற பாட்டைப் பாடினார்கள். அதில் சோம்பேறி மருமகன் ஒருவனைக் கிண்டல் செய்யும் வரி வரும். அங்கே ஃபாநெலின் பெயரைப் போட்டுப் பாடினார்கள். ரோஸ்லோர் சிரிக்கவில்லை. அவள் வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓர்மீலியா வாசலைவிட்டு நகராமல் தலைத்துணியை அவிழ்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லறைகளைத் தாண்டியதும் வீடு மறைந்தது.

"அக்கா, வீடு தெரியல" என்றாள் ரோஸ்லோர். கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இறக்கி விடுங்க. நான் போகல."

விதலீன் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளும் திரும்பிப் பார்த்தாள். மேட்டுக்கு மேலே வெள்ளையாகப் புகை எழுந்தது. அந்த நேரத்தில் யார் வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை.

"புகை தெரியுதா பாரு. உன் மாமியார் பச்சைத் தழையைப் போட்டுக் கொளுத்தறா."

ரோஸ்லோர் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "தெரியுது" என்றாள். அதன் பிறகு ஆற்றங்கரை வரைக்கும் அவள் இறங்குகிறேன் என்று சொல்லவில்லை.

மருத்துவ நிலையத்தில் ஆர்லின் ரோஸ்லோரின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உடனே ஊசியை எடுத்தாள். ஊசி போட்ட சற்று நேரத்துக்கெல்லாம், மருந்து வேலை செய்வதற்குள், ரோஸ்லோருக்கு ஒரு வலிப்பு வந்து அடங்கியது. கட்டிலில் வந்ததால் ஆர்லின் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டாள். அது பாதையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஃபாநெல் கேட்டான். "கேக்காத" என்றாள் அவள். மறுநாள் வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கையில் அடங்கும் அளவுதான், ஆனால் அழுதது. ஓர்மீலியா அவித்த வாழைக்காயும் அவரைச் சாறும் சுமந்து நடந்தே கீழே வந்தாள். இரவு மருமகளின் கட்டிலடியில் தரையில் படுத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் ரோஸ்லோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே நாற்காலியில்தான் மேலே கொண்டுபோனார்கள். இம்முறையும் வீட்டைப் பார்த்தபடிதான், ஆனால் கால்கள் முன்னே. வீட்டுக்குள் வருகிறவளுக்கு அது சரிதான் என்று ஓர்மீலியாவே முடிவு சொன்னாள். கடைசி மேட்டில் ரோஸ்லோர் இறங்கிக்கொண்டு, பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்தாள்.

குழுவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. கிளெர்வோவுக்கு அரை மனதுதான். "ஆஸ்பத்திரி சாமான்னா படுக்கிற மாதிரி இருக்கணும். இது என்ன, முடிவெட்டுற கடை நாற்காலி" என்றார். பிறகு அவரே உட்கார்ந்து பார்த்து, சரிவில் நான்கு பேர் தோளில் போய்விட்டு வந்து, பின்சாய்வு இன்னும் இரண்டு விரல் அதிகம் இருக்கட்டும் என்றார். எலிஃபேத் தன் பழைய கால் வலி திரும்பிவிட்டது, தன்னையும் ஒரு முறை தூக்குங்கள் என்று கேட்டான். யாரும் தூக்கவில்லை.

மற்றக் குன்றுகளுக்கும் இதையே செய்யக் குழு சொன்னதும், விதலீன் அளவெடுக்க ஓர்மீலியா வீட்டுக்குப் போனாள். கிழவி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கயிறு அழுத்திய தடம் அதன் கட்டைகளில் இன்னும் இருந்தது. எழுந்திருக்கச் சொன்னபோதும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே அகலத்தையும் உயரத்தையும் விதலீன் அளந்துகொண்டாள்.

"எல்லாம் சரிதான்" என்றாள் கிழவி. "ஆனா அவளுக்குப் பிடிச்சுக்க இடமே இல்ல. கயித்தைப் பிடிச்சுப் பிடிச்சு உள்ளங்கை ரெண்டும் புண்ணாப் போச்சு. நீயெல்லாம் என்னத்தைப் படிச்ச?"

"கைக்குக் கட்டை வைக்கிறேன் அத்தை."

"இரும்பை அப்படியே விடாத. வெயில்ல சுடும். துணி சுத்து."

விதலீன் அதையும் குறித்துக்கொண்டாள். அடுத்து எதிர்க் குன்றுக்குச் செய்த நாற்காலியில் இரண்டு கைப்பிடிகள் வைத்து, தையல் கொட்டகையில் துணி வாங்கி, அவற்றின் மேல் சுற்றித் தைத்துக் கொடுத்தாள்.