அடித்த இரும்பும் வார்த்த இரும்பும்

எதைக் கையில் கொடுத்தாலும் ரத்தினவேல் சார் முதலில் தட்டித்தான் பார்ப்பார். டம்ளரோ குக்கர் மூடியோ புதிதாக வாங்கிய குடமோ, விரலை மடக்கி ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு. அந்தக் காதும் பாதி போன காது. இரும்படிக்கிற ஹாமர் பக்கத்திலேயே இருபது வருஷம் நின்றவருக்கு மிச்சமிருக்கிற காதே பெரிய விஷயம். அதனால் அவர் ரகசியம் பேசினாலும் கேண்டீன் வரைக்கும் கேட்கும்.

அவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் கொட்டகை கொட்டகையாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் டிப்ளமோவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவர், எங்கள் கம்பெனியின் ஃபோர்ஜிங் ஷாப்புக்கு மேனேஜர் ஆனார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அச்சுக்குள் வைத்து, வீட்டு உயர ஹாமரால் அடித்து உருவம் கொண்டுவருவது ஃபோர்ஜிங். இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றினால் அது காஸ்டிங், வார்ப்பு. ஊற்றியதைவிட அடித்ததற்குப் பலம் அதிகம் என்பது எங்கள் ஷாப்பில் வேதவாக்கு. யாராவது வேலையில் சுணங்கினால் "காஸ்டிங் பய" என்பார் சார். அதைவிடக் கெட்ட வசவு அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

நான் சென்னப்பன். அதே கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். ஜவளகிரிக்காரன், வீட்டில் பேசுவது கன்னடம். பெங்களூரில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் சார் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார். அப்படித்தான் இந்தக் கதைக்குள் நானும் மாட்டினேன்.

இரண்டாயிரத்து ஆறில் எங்கள் ஷாப்புக்கு ஒரு கண்டம் வந்தது. ட்ராக்டரில் கியரைத் தள்ளுகிற கவட்டைத் துண்டு ஒன்று உண்டு, கியர் ஃபோர்க் என்போம். பெரிய ஹாமரில் நாள் முழுக்க அடிப்பது அதை மட்டும்தான். அதை வாங்கும் ட்ராக்டர் கம்பெனியின் கொள்முதல் தலைவர் ஷெட்டி, இனி இதை வார்ப்பில் செய்துகொள்ளலாமே என்று யோசனை சொல்லியிருந்தார். அது நடந்தால் பெரிய ஹாமர் நின்றுவிடும். ஹாமரை நம்பி அண்ணாதுரையும் அவன் ஆட்களும் இருந்தார்கள். எல்லாரும் காண்டிராக்ட் ஆட்கள், நின்றால் வெளியேதான்.

சாரிடம் இதற்குப் பதில் இருந்தது, நல்ல பதில். எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னதல்ல, கண்ணால் பார்த்தது. ஒருமுறை அவரும் நானும் பாரூர் பக்கம் போயிருந்தோம். ஏரித் தண்ணீர் பாயும் வயலில் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. டிரைவர் கிளட்சை மிதிக்காமலே கியரை இழுத்து இழுத்துப் போட்டான். உள்ளே கடமுடா என்று சத்தம். சார் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"பாத்தியா சென்னப்பா. ஒருத்தனும் கிளட்ச் மிதிக்க மாட்டான். ஃபோர்க் கால்ல கோணலாத்தான் அடி விழுது. வார்ப்பா இருந்தா ஒரு போகத்துக்குத் தாங்காது. நம்ம ஃபோர்க் தாங்குது."

இதை ஷெட்டியிடம் நேரில் சொல்லிவிட்டால் போதும் என்று நம்பினார். உடைந்த வார்ப்பு ஃபோர்க் ஒன்றையும், உள்ளே இரும்பு இறுகியிருப்பது தெரிய எங்கள் ஃபோர்க்கைக் குறுக்கே அறுத்த துண்டு ஒன்றையும் பெட்டியில் போட்டு எடுத்துவைத்தார். ஷெட்டியை எப்படிப் பிடிப்பது என்பதுதான் தெரியவில்லை. ஆபீசில் அவர் யாரிடமும் மனம்விட்டுப் பேச மாட்டாராம். எதைத் தீர்மானிப்பதானாலும் சனிக்கிழமை கோல்ஃப் மைதானத்தில்தான். எங்கள் எம்.டி. அவருடன் ஆடுகிறவர். நீயும் வா, நடந்துகொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்லு, ஆனால் அங்கே வெறுங்கையோடு யாரும் நடக்க மாட்டார்கள், கம்பெனி செலவில் மட்டை ஒரு செட் வாங்கிக் கற்றுக்கொள் என்றார் எம்.டி. மழைக்காலம் முடிந்ததும் ஆட்டம் என்று முடிவானது.

சாருக்குக் கிட்டிப்புள்ளுக்கு மேல் எந்த ஆட்டமும் தெரியாது.

பெங்களூரில் கோல்ஃப் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தபோது எனக்கே கால் கூசியது. சுவர் முழுக்க மட்டைகள். மரத் தலை, இரும்புத் தலை என்று வகைவகையாக இருந்தன. முதலில் இரும்பு மட்டைகளில் பழகினால் போதும் என்று கடைக்காரர் கன்னடத்தில் சொல்லி, ஒரு செட்டை எடுத்துப் பரப்பினார். தலை பெரிது, அடிப்பாகம் தடிமன், முதுகுப் பக்கம் குடைந்து பள்ளமாக இருந்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் சார் அதைத் தூக்கி விரலால் தட்டிவிட்டார். பிறகு நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காஸ்டிங்" என்றார், சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி.

கடைக்காரர் ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். சார் முதுகுப் பள்ளத்தில் விரலை விட்டுக் காட்டினார். "இங்க பாரு, குடைஞ்சு எடுத்திருக்கான். மெட்டீரியலத் திருடியிருக்கான்யா. இத நம்ம இன்ஸ்பெக்‌ஷன்ல விடுவியா நீ?"

விட மாட்டேன் என்றேன். நானும் அந்த ஷாப்பில் சோறு தின்கிறவன்தானே.

ஃபோர்ஜிங் செட் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கடைக்காரர் தயங்கித் தயங்கி உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். மெல்லிய தலை, வழவழவென்று நிறைந்த முதுகு, எங்கும் குடைச்சல் இல்லை. சார் தட்டினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, சுத்தமான சத்தம். சார் முகம் மலர்ந்துபோனது. இது நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு, உங்களுக்குக் கஷ்டம் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் மொழிபெயர்த்தேன். பலமான சாமான் எப்படிக் கஷ்டமாகும் என்று சார் சிரித்தார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்திலிருந்த தரிசில் பழகினார். சொல்லிக்கொடுக்க ஒருவரை எம்.டி. அனுப்பியிருந்தார். அந்த மனுஷன் சில வாரம் வந்து, கும்பிடு போட்டுவிட்டு வராமல் நின்றுவிட்டார். சார் மட்டையை ஓங்கினால் புல் பறக்கும், மண் பறக்கும், பந்து மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். பட்டாலும் தலையின் நுனியில் பட்டு, ஆட்டுக்குட்டி துள்ளுகிற மாதிரி பக்கவாட்டில் ஓடும். படுகிற ஒவ்வொரு தடவையும் முழங்கை வரைக்கும் ஜிவ்வென்று ஏறுகிறது என்பார். ஹாமர் அதிர்வுக்கே அசையாத கை, பத்து அடிக்குப் பிறகு டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது.

ஒருநாள் அவர் மனைவி நாகம்மாள் டிபனோடு வந்திருந்தார். சுற்றிலும் கிடந்த குழிகளைப் பார்த்தார்.

"இத்தன வருசமா இரும்ப அடிச்சீக, சரி. இப்ப இரும்ப வச்சு மண்ண அடிக்கீக. உங்களுக்கு யாரு பேரு வச்சா ஆபீசருன்னு?"

சார் உள்ளங்கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தார். மட்டையை மாற்றிப் பார்க்கலாமா சார் என்று நான் மெல்லக் கேட்டேன். அதற்குத்தான் கோபம் வந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மட்டை மேல என்னய்யா குத்தம்? குத்தம் என் கைல." அந்தப் பழமொழியை யார் கண்டுபிடித்தார்களோ, அன்றைக்கு அது ஒரு நல்ல மனுஷனின் கண்ணைக் கட்டியது. எனக்குச் சாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவரோடு சேர்ந்து அந்த மட்டையைத் தேர்ந்தெடுத்த என்னையும் சேர்த்துத்தான்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். எம்.டி., ஷெட்டி, சார் மூவரும் ஆட, நான் பின்னால் நடந்தேன். ஷெட்டி வெள்ளைத் தொப்பி வைத்த, தொந்தி சரிந்த மனுஷர். கோபமே வராத முகம். தமிழ் நன்றாகவே பேசினார்.

அந்த ஆட்டத்தின் முறை எனக்கு அங்கேதான் புரிந்தது. ஒவ்வொரு குழியாகப் பந்தைக் கொண்டுபோய்த் தள்ள வேண்டும். பந்தை அடிக்கிறார்கள், பிறகு பந்து போன இடத்துக்கு நடக்கிறார்கள். அந்த நடையில்தான் பேச்சு. எம்.டி. பந்தும் ஷெட்டி பந்தும் புல்வெளி நடுவில் போய் விழுந்தன. இரண்டு பேரும் தோளோடு தோள் உரசப் பேசிக்கொண்டு போனார்கள். சாருடைய பந்து வலது பக்கப் புதருக்குள் போனது. சார் புதருக்குப் போனார். அடுத்த குழியில் இடது பக்க யூகலிப்டஸ் மரங்களுக்குள் போனது. சார் அங்கே போனார். தேடி எடுத்து, அடித்து, இன்னொரு புதருக்குள் தள்ளி, மூச்சிரைக்க அவர் வந்து சேரும்போது அவர்கள் குழிக்கருகே வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பார்கள். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். சார் ஒரு தடவை "சார், அந்த ஃபோர்க்..." என்று அவருடைய ரகசியக் குரலில் ஆரம்பித்தார். பக்கத்துக் குழியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எம்.டி. உதட்டில் விரலை வைத்தார்.

பெட்டி என் கையில் கனத்துக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் நானே ஷெட்டியிடம் பேசிவிடலாமா என்று தோன்றியது. இன்ஸ்பெக்‌ஷன்காரன் பேச்சு எந்தச் சபையில் ஏறும்?

பாதி ஆட்டத்துக்கு மேல் ஷெட்டியே சாரிடம் வந்தார். சாருடைய மட்டையின் கைப்பிடியில் ரத்தம் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார். மட்டையை வாங்கித் திருப்பினார்.

"ஐயோ, இத யாரு குடுத்தாங்க உங்களுக்கு? இது பெரிய ஆட்டக்காரங்க வெச்சிக்கிறது. தினம் நடு மையத்துல அடிக்கிறவங்களுக்கு."

தன்னுடைய மட்டையை எடுத்துச் சார் கையில் கொடுத்தார். பெரிய தலை, முதுகில் பள்ளம். கடையில் நாங்கள் தள்ளிவைத்த அதே சாதி. சார் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. ஓங்கி அடித்தார். அதுவும் நுனியில்தான் பட்டது, நான் பார்த்தேன். ஆனால் பந்து எழும்பி, நேராகப் போய், புல்வெளி நடுவில் விழுந்து உருண்டது. சார் அப்படியே நின்றார். கையைப் பார்த்துக்கொண்டார். கை நடுங்கவில்லை.

"பாத்தீங்களா? எடைய ஓரத்துக்குத் தள்ளியிருக்காங்க. மையத்துல படலேன்னாலும் பொறுத்துக்கும். எல்லாத்துக்கும் ஃபோர்ஜிங் எதுக்கு ரத்தினவேல்?" என்று ஷெட்டி அவர் முதுகில் தட்டினார்.

இதுதான் சமயம் என்று நான் பெட்டியைத் திறக்கப் போனேன். சார் வாயைத் திறக்கவே இல்லை. பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை ஷெட்டியின் மட்டையால்தான் அடித்தார். சிரித்துக்கொண்டேகூட அடித்தார்.

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வண்டி நகரவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு ட்ராக்டர் நின்றிருந்தது. அதன் டிரைவர் கிளட்சை மிதிக்காமல் கியரைப் போட்டான். அந்தக் கடமுடாவில் சார் துள்ளி எழுந்தார்.

"சென்னப்பா, அவர் சொன்னதத்தான்யா நான் சொல்லியிருக்கணும். மையத்துல அடிக்கத் தெரியாதவனுக்குப் பொறுத்துக்கிடுத சாமான் வேணும். மட்டைல அது காஸ்டிங். கியர்ல அது நம்ம ஃபோர்க். கிளட்ச் மிதிக்காதவனப் பொறுத்துக்கிடுதது நம்ம ஃபோர்க்குல்லா? அவர் வாயாலயே எடுத்துக் குடுத்தாரே. நான் பந்தப் பாத்துக்கிட்டு நின்னுட்டேனே."

"இப்பவே போன் பண்ணுங்க சார். ஒண்ணும் கெட்டுப் போகல" என்றேன்.

செல்போனில் நம்பரை அழுத்த அவருக்கு விரல் வளையவில்லை. நான் போட்டுக் கொடுத்தேன். ஷெட்டி உடனே எடுத்தார். பாரூர் வயலில் ஆரம்பித்துச் சார் முழுவதையும் சொன்னார். காரே அதிரும்படி சொன்னார். அந்தப் பக்கம் ஷெட்டி பொறுமையாகக் கேட்டார். அவருடைய காதுக்காக போன் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் பதில் எனக்கும் கேட்டது. நல்ல பாயிண்ட் ரத்தினவேல், ரொம்ப நல்ல பாயிண்ட் என்றார் ஷெட்டி. இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே, நானும் உங்க எம்.டி.யும் இரண்டாவது குழியிலேயே வார்ப்புதான் என்று பேசி முடித்துவிட்டோமே, நீங்கள் அப்போது மரங்களுக்குள்ளே இருந்தீர்கள் என்றார்.

சார் தேங்க்யூ சார் என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்தார். 

பொங்கல் முடிந்து பெரிய ஹாமரை நிறுத்தினார்கள். உலை அணைந்ததும் ஷாப்பில் ஒரு அமைதி. சாருக்கே அது கேட்டிருக்கும். அண்ணாதுரையும் ஆட்களும் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரிசையாக வந்து சாரிடம் சொல்லிக்கொண்டார்கள். அண்ணாதுரை மட்டும் நின்றான்.

"நீங்க பேசிப் பாத்திருப்பீங்க, எங்களுக்குத் தெரியும் சார். அவங்கதான் கேக்கலையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவனும் நிம்மதியாகப் போயிருப்பான், இவரும் தூங்கியிருப்பார். நான் பக்கத்தில் நின்று, சொல்லிவிடுங்கள் சார் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"பேசல அண்ணாதுரை" என்றார் சார், ஷாப் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில். "அவங்க பேசுத நேரத்துல நான் பந்து தேடிக்கிட்டிருந்தேன்."

அண்ணாதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சார் ஏதோ வருத்தத்தில் உளறுகிறார் என்று நினைத்து, பரவாயில்ல சார், உடம்பப் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.