கல்லறையில் தூவிய உப்பு

மொராவா ஆற்றின் ஒரு கரையில் பிறந்து எதிர்க்கரையில் வாழ்க்கைப்பட்டவள் ஸ்தமெனா. வாழ்நாளில் அவள் போன தொலைவு அவ்வளவுதான். பிளம் பழத்தில் சாராயம் காய்ச்சுவாள். அதிகம் பேசமாட்டாள்.

அவள் கணவன் வுகாஷின் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து செத்த குளிர்காலத்தில், ஊரில் ஒருவர் பின் ஒருவராக இளைத்துச் சாகத் தொடங்கினார்கள். வுகாஷின் வந்து நெஞ்சின்மேல் உட்காருகிறான் என்றார்கள் படுக்கையில் கிடந்தவர்கள். பிணத்தைக் கிடத்தியிருந்தபோது பூனை தாண்டியது யாருக்கோ நினைவு வந்தது. ஊருக்கு அது போதும். அவன் வாம்பிராகிவிட்டான், இரத்தம் குடிக்க எழுந்து வருகிறான்.

அவளிடமும் வந்தான், கனவில். ஈரக் காலுறையைக் கழற்றி அடுப்பருகே ஆணியில் தொங்கவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பான். விழித்த பிறகும் அறையில் ஆற்றின் வாசனை இருக்கும். பயப்படுகிறாளா, காத்திருக்கிறாளா என்பது அவளுக்கே பிடிபடவில்லை.

பனி விலகாத ஒரு காலையில் குதிரைக்காரன் க்ரூயா தன் கறுப்புக் குதிரையைக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓட்டிவந்தான். ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத குதிரை. நல்லபடி உறங்குகிறவனின் குழியை அது தாண்டும். வாம்பிரின் குழியைத் தாண்டாது. தாண்டாவிட்டால் தோண்டி, நெஞ்சில் முட்கழி இறக்கி, எரித்துவிடுவார்கள். எரிந்து போனவன் நியாயத்தீர்ப்பின் கடைசி நாளில் எந்த உடம்போடு எழுந்திருப்பான்? ஸ்தமெனாவை அரித்த கேள்வி அதுதான்.

பனிக்குள் குதிரை மிதந்து வந்தது. குழிகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. வுகாஷினின் சிலுவை முன்னால் நின்று தலையைத் தாழ்த்தியது. கடிவாளத்தை இழுத்தும் அசையவில்லை. கூடவந்த ஊர் ஆட்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள்.

“நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணி,” என்றான் வுகாஷினின் தம்பி மிலிசாவ். “இத நீங்க பாக்க வேணாம்.”

அவள் குதிரையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது பயந்து நிக்கல. மண்ண நக்குது. அங்க உப்பு கெடக்கு.”

“யாரு போட்டா?”

“நான்தான். அவர் எந்திரிச்சு வந்துடக் கூடாதுன்னு தூவினேன்.”

மிலிசாவ் அவளையே பார்த்தான். “அப்ப ஊரு சந்தேகப்படறதுக்கு முன்னாடியே நீங்க பட்டிருக்கீங்க.”

“ஆமா.”

க்ரூயா குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே குறுக்கிட்டான். “உப்பக் கண்டா இவன் பாதிரியார் மடியிலகூட நின்னுடுவான். அள்ளுங்கக்கா, இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கலாம்.”

அவள் மண்டியிட்டு, உப்பேறிய மண்ணை முன்துணியில் வழித்து அள்ளினாள். குதிரை திரும்பி வந்தது. வாய்க்காலைத் தாண்டுவதுபோல, குனிந்துகூடப் பார்க்காமல் வுகாஷினைத் தாண்டிப் போயிற்று.

மண்ணை ஆற்றில் கொட்டிவிட்டு வீடு திரும்பினாள். நோய் வசந்தம்வரை நீடித்தது; ஆனால் யாரும் அவன் பெயரை எடுக்கவில்லை. அவனும் அதன்பின் கனவில் வரவில்லை. பிறகு நெடுங்காலம் வாழ்ந்தாள். அடுப்பருகே இருந்த அந்த ஆணியில் வேறு எதையும் மாட்டவில்லை.