தயிர்சாதம் தின்ற கை

எழுபதுகளின் தொடக்கத்தில் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்த அன்று மத்தியானம், பக்கத்தில் உட்கார்ந்த ஔசேப்பு தூக்குச்சட்டியைத் திறந்தான். மரவள்ளிக்கிழங்கு, ஓரத்தில் கறுக்க வறுத்த மாட்டிறைச்சி. நான் தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்தேன். இடுக்கி மலைக்காரன் அவன், கோபப்படவில்லை. மறுநாள் முதல் கிழங்கைத் தனியாகக் கட்டிவந்து, மூடியில் வைத்து நீட்டுவான். "இறச்சி தொட்டிட்டில்ல, சேட்டா." இறைச்சி படாத கிழங்காம். ஒரு வாரம் மறுத்தேன், பிறகு சாப்பிட்டேன்.

ஊரில் இருக்கும் உங்கள் காதுக்கு வந்த கதை வேறு என்பதால் எழுதுகிறேன். பட்டறையில் ஒருநாள் மேஸ்திரியின் மண்டை உடைந்தது. திட்டு வாங்கிய ஆத்திரத்தில் பின்னாலிருந்து ஸ்பானரை வீசியவன் ஸ்டோர் குமாஸ்தா, நம் பக்கத்து ஊர்க்காரன், சுத்த சைவம். பழியை ஔசேப்பின்மேல் போட்டான். ஔசேப்புக்கு வேலை போகும் நிலை. பார்த்த சாட்சி நான் ஒருவன்தான்.

விசாரித்த அதிகாரி கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். நான் வாய் திறக்குமுன்பே தீர்ப்பு அவரிடம் தயாராக இருந்தது. "நீரும் சைவம், உமக்குத் தெரியாததா? மாடு திங்கற தேசங்களைப் பாரும். பணமும் கொழிக்கறது, கொலையும் கொழிக்கறது. ஆகாரம் அப்படி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப கேன்டீன்ல அதையே போடச் சொல்லுங்க சார். கொலையோட பணமாவது வரட்டும்," என்றேன். அவர் முறைத்தார். நானே தொடர்ந்தேன்.

"எங்க தெருவுல முட்டை ஓடுகூடக் கெடக்காது சார். கெணத்துத் தண்ணித் தகராறுல எங்க சித்தப்பாவ வெட்டுனது எங்க பெரியப்பா. ரெண்டு பேரும் மோர்ச்சோறு தின்னவங்கதான். ஸ்பானர வீசுன குமாஸ்தாவும் அப்படித்தான். நான் பாத்தேன்."

சித்தப்பா செத்தது மழை பொய்த்த வருஷம். பயிர் கருகக் கருக, தெருவில் ஆளாளுக்கு அரிவாள் தீட்டினார்கள். மில்லில் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் இருந்த வீடுகளில் மட்டும் அரிவாள் கூரை எரவாணத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர்களும் நாங்கள் தின்றதைத்தான் தின்றார்கள். எந்தத் தேசத்தை அளப்பதானாலும் முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள், அப்புறம் சட்டியைப் பார்க்கலாம்.

ஔசேப்பு தப்பினான். சீட்டுக் கிழிந்து ஊர் திரும்பிய குமாஸ்தா, நான் மாடு தின்பதாகப் பரப்பினான்.

தங்கை கல்யாணத்துக்கு வந்தேன். பந்தியில் எல்லாருக்கும் நடுவே, ஜெயிலிலிருந்து வந்த பெரியப்பா உட்கார்ந்திருந்தார். என் இலையைத் தனியே கதவோரம் போட்டிருந்தார்கள். அதை எடுத்துப் போய் பெரியப்பாவுக்கு நேர் எதிரே விரித்து உட்கார்ந்தேன்.

"போடுடே," என்றேன். பரிமாற வந்தவன் கரண்டியோடு அப்படியே நின்றான். கஞ்சிக்கோட்டில் அந்நேரம் ஔசேப்பு தூக்கைத் திறந்து, பழக்கத்தில் எனக்கான கிழங்கையும் மூடியில் எடுத்து வைத்திருப்பான்.