முதல் பெட்டியில் வைத்த பூ

பிள்ளைகளே, ஏற்றுமதியால் ஊர் எப்படி வளரும் என்று போன வாரம் பாடம் படிக்கும்போது கேட்டீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். புத்தகத்தில் உள்ளபடி எனக்குச் சொல்லத் தெரியாது. நம் ஊர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் நடந்த ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன்.

நாங்கள் செய்வது தோல் கைப்பை. அத்தனையும் ஐரோப்பாவில் ஒரே ஒரு கடைக்காரருக்குத்தான் போனது. நான் சேர்ந்தபோது பத்துத் தையல் மெஷின். அவருடைய ஆர்டர் வந்த பிறகு நாற்பது. பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் சாப்பாடும் போட ஆரம்பித்தார். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் போன நான் மோட்டார் வண்டி வாங்கியதும், உங்களை இந்தப் பள்ளியில் சேர்த்ததும் அதற்குப் பிறகுதான்.

பேக்கிங் என் பொறுப்பு. செக்கிங் பார்க்கும் அக்கா வெள்ளிக்கிழமைகளில் மெஷினுக்குப் பூ வைப்பார். கன்டெய்னர் ஏற்றும் நாளில், முதல் பெட்டியை மூடும் முன் நான் விரலால் ஒரு சிலுவை போடுவேன். அக்கா தன் சரத்திலிருந்து கொஞ்சம் மல்லி கிள்ளித் தருவார். அதையும் உள்ளே வைத்து டேப் ஒட்டுவேன்.

"உங்க மாதா ஒரு பக்கம், எங்க மாரியாத்தா ஒரு பக்கம். கப்பல் எப்பிடிக் கவுறும் தம்பி?" என்பார்.

அந்த வெள்ளிக்கிழமையும் வைத்தோம். பகல் பன்னிரண்டுக்குள் முன்னூறு பெட்டியும் ஏறி, கதவைச் சாத்தி, சீலும் போட்டாயிற்று. அப்போது மேனேஜர் போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"போன லோடுல ஒரு பெட்டி பூரா பூஞ்சையாம். கடைக்காரன் போட்டோ அனுப்பியிருக்கான், காரணம் கேக்கறான். இந்த லோடுலயும் ஒண்ணு அப்பிடி வந்தா ஆர்டர் மொத்தமும் வியட்நாமுக்குப் போயிடும்னு எழுதிட்டான்."

தோல் சரியில்லை என்றார் ஒருவர். மழைக்காலம் என்றார் இன்னொருவர். நான் போட்டோவைப் பார்த்தேன். பெட்டியின் மேல் எழுதியிருந்தது நம்பர் ஒன்று, நாங்கள் பூ வைக்கும் முதல் பெட்டி.

ஈரத்தை உறிஞ்ச ஒவ்வொரு பைக்குள்ளும் சின்னப் பொட்டலம் போடுகிறவன் நான். அதே கையால் ஈரப் பூவையும் வைத்து மூடி, இந்த மழைக்காலத்தில் ஒரு மாதம் கடலில் அனுப்பியிருக்கிறேன். அக்காவுக்கும் விளங்கிவிட்டது. என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"வாயத் தொறக்காத தம்பி. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க."

"இந்த லோடுலயும் இருக்கேக்கா."

"நம்பர் ஒண்ணு எங்க இருக்கு? உள்சுவத்த ஒட்டி. முன்னூத்தையும் எறக்கணும். அதுக்குள்ள கப்பல் போயிடும்."

அவர் சொன்னது சரிதான். ராத்திரி எட்டு மணிக்குள் சென்னைத் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் லோடு நின்றுவிடும். சொன்னாலும் ஆர்டர் போகலாம், சொல்லாவிட்டாலும் போகலாம். வேனில் வந்த பெண்கள் மரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"சார், காரணம் நான்தான். பெட்டிக்குள்ள பூ வெச்சேன். இதுலயும் இருக்கு."

மேனேஜர் போனைக் கீழே இறக்கினார். "பூவா?" என்றார். "பைக்குள்ள சாமியாய்யா இருக்கு?" பிறகு எல்லோரையும் பார்த்து, "கதவத் தொறங்க!" என்று கத்தினார்.

சீலை உடைத்தோம். சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு அத்தனை பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். கைக்குக் கை பெட்டிகள் இறங்கின. கன்டெய்னருக்குள் அனல். டிரைவர் மணியைப் பார்த்துக்கொண்டே, "உங்க சாமிங்களுக்கு லைசென்ஸ் இருந்தா அவங்களையே ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

ஒன்றரைக்கு முதல் பெட்டி கைக்கு வந்தது. பிரித்தேன். மல்லி துவண்டிருந்தது. அடியில் இருந்த பையில் காசளவுக்கு ஈரத் திட்டு. வேறு பை வைத்து மூடினேன். அக்கா பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மறுபடி ஏற்றி, புதுச் சீல் போட்டு, காகிதமெல்லாம் மாற்றி வண்டி கிளம்பும்போது மணி மூன்று. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிரைவர் போன் செய்தார்: "உள்ள விட்டுட்டான்."

மேனேஜர் கடைக்காரருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இனி ஆர்டரில் பாதி எங்களுக்கு, பாதி வியட்நாமுக்கு.

இருபது மெஷின்களைத் துணி போட்டு மூடினோம். பாகூர் வேன் நின்றுவிட்டது. எதிர்க்கடையில் இப்போது டீ மட்டும்தான். என்னையும் அக்காவையும் நிறுத்தவில்லை. வரிசையில் நின்று பெட்டி இறக்கிய பெண்களுக்கு வேலை போயிற்று, பூ வைத்த எங்களுக்குப் போகவில்லை. வியட்நாமில் ஏதோ ஒரு கேட்டுக்கு எதிரே யாராவது புதிதாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருப்பார்கள்.

நேற்று அடுத்த கன்டெய்னர் ஏற்றினோம். முதல் பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டேன். மனசு கேட்காமல், உள்ளே பூ இருக்கிறதோ என்று மறுபடி பிரித்துப் பார்த்தேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் விரித்து என் முன்னால் காட்டினார்.